கைவிடப்பட்ட வீடு பேசுமா?

திருச்சி–சென்னை நெடுஞ்சாலையில், பெரம்பலூருக்குச் சற்றுத் தெற்கே இருக்கிறது சிறுவாச்சூர். இதுபோன்ற ஊர்களில், பல ஆண்டுகளாகப் பூட்டிக் கிடக்கும் பழைய வீட்டை நீங்கள் பார்த்திருப்பீர்கள். சன்னல் வழியே நோக்கினால் சுவரில் ஒரு நாட்காட்டி தெரியும். மூலையில் ஆட்டுக்கல், பரணில் மண்பானைகள், கால் உடைந்த நாற்காலி. இங்கே வாழ்ந்தவர்கள் எப்போது போனார்கள்? எப்படிப் போனார்கள்? யாரையும் கேட்காமல், பொருள்களையே சாட்சிகளாகக் கொண்டு விடை காண முடியுமா? முடியும். தொல்லியல் அறிஞர்களின் வேலையே அதுதான்.

எது இல்லை?

இருக்கும் பொருள்களைவிட, இல்லாத பொருள்களே முதலில் பேசுகின்றன. ஆட்டுக்கல் இருக்கிறது, பித்தளைக் குடம் இல்லை. உடைந்த நாற்காலி இருக்கிறது. நல்ல நாற்காலி இல்லை. அப்படியானால், இவர்கள் பதறி ஓடவில்லை. நிதானமாக மூட்டை கட்டிக்கொண்டு போயிருக்கிறார்கள். கனமானதும் உடைந்ததும் மட்டுமே தங்கிவிட்டன.

இதற்கு நேர்மாறானது இத்தாலியின் பாம்பேய் நகரம். கி.பி. 79-இல் வெசுவியஸ் எரிமலை வெடித்தபோது, அடுப்பில் வைத்த ரொட்டியைக்கூட விட்டுவிட்டு மக்கள் ஓடினார்கள். வெப்பத்தில் கரியாகிப்போன அந்த ரொட்டிகள் இன்றும் உள்ளன. கரியை நுண்ணுயிர்கள் எளிதில் சிதைப்பதில்லை.

எப்போது?

நாட்காட்டி 1987 என்று காட்டுகிறது. தரையில் 1991-ஆம் ஆண்டு நாணயம் ஒன்று கிடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வீடு எப்போது காலியானது? 1991-க்கு முன்பு அல்ல என்று சொல்லலாம், பின்னால் வேறு எவரும் உள்ளே நுழையாதிருந்தால்! பழைய பொருளை எத்தனை காலமும் வைத்திருக்கலாம்; ஆனால் இனிமேல் அச்சாகப் போகும் நாணயத்தை எவரும் வைத்திருக்க முடியாது. எனவே, காலத்தைக் கணிக்க உதவுவது அங்குள்ளவற்றில் மிகப் புதிய பொருளே.

எது எஞ்சும்?

கறையானின் குடலில் வாழும் நுண்ணுயிர்களும், சில வகைக் கறையான்கள் புற்றுக்குள் வளர்க்கும் பூஞ்சையும் மரத்திலும் காகிதத்திலும் உள்ள செல்லுலோஸைச் சிதைக்கின்றன. ஆகவே மரமும் காகிதமும் முதலில் மறையும். இரும்பு துருப்பிடிக்கும். சுட்ட மண்ணும் கண்ணாடியும் கல்லும் நெடுங்காலம் நிற்கும்.

இனி, சிறுவாச்சூருக்குக் கிழக்கே, அரியலூர் மாவட்டத்தில் உள்ள ஒரு மிகப் பெரிய 'வீட்டை'ப் பார்ப்போம். முதலாம் இராசேந்திர சோழன் 11-ஆம் நூற்றாண்டில் கங்கைகொண்ட சோழபுரத்தைத் தலைநகராக்கினான். ஏறத்தாழ 250 ஆண்டுகள் அது சோழர் தலைநகராக விளங்கியது. 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் சோழர் ஆட்சி முடிந்தது. கல்லால் ஆன கோயில் நின்றது. செங்கல்லாலும் மரத்தாலும் ஆன அரண்மனை மண்மேடானது. அந்த இடத்திற்கு இன்று மாளிகைமேடு என்று பெயர்.

1980-களில் தமிழ்நாடு தொல்லியல் துறை அங்கே அகழாய்வு செய்தது. 2021 முதல் மீண்டும் பணிகள் நடந்தன. கிடைத்தவை எவை? செங்கல் சுவர்களின் அடிப்பகுதிகள், கூரை ஓடுகள், இரும்பு ஆணிகள், தூண்களைத் தாங்கிய கருங்கற்கள், சீன நாட்டுப் பீங்கான் துண்டுகள். மரத்தூண் ஒன்றுகூட நிற்கவில்லை. ஆயினும் ஆணியும் ஓடும் கருங்கல்லும் சேர்ந்து, 'மரத்தூண்கள் தாங்கிய ஓட்டுக்கூரை இங்கே இருந்தது' என்று சொல்லிவிடுகின்றன. பீங்கான் துண்டுகளோ கடல் வாணிகத்தைச் சொல்கின்றன.

அரண்மனைச் சுவர்கள் அடிப்பகுதியோடு நின்றதற்கு மழை மட்டும் காரணமல்ல. பின்னால் வந்தவர்கள் செங்கற்களைப் பெயர்த்துக்கொண்டு போனார்கள். 1836-இல் கொள்ளிடத்தில் கீழணை கட்டியபோது கோயில் மதிலின் கற்களும் பெயர்க்கப்பட்டன.

தொடாதீர்கள்!

நாணயம் தரையில் கிடந்தால்தான் சாட்சி. உங்கள் சட்டைப்பைக்குள் போய்விட்டால் அது வெறும் உலோகத் துண்டு. எந்த அறையில், எந்த மண்ணடுக்கில், எதன் அருகே கிடந்தது என்பதே அதன் கதை. ஒருமுறை கலைந்த இடத்தை எந்தக் கருவியாலும் மீண்டும் அடுக்க முடியாது. சட்டமும் இதைக் கவனிக்கிறது. மண்ணில் புதைந்து கிடக்கும், பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள பொருளைக் கண்டெடுத்தவர் மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது 1878-ஆம் ஆண்டின் இந்தியப் புதையல் சட்டம்.

பூட்டிய வீடு பிறருடைய சொத்து என்பதையும் மறவாதீர்கள். இற்றுப்போன உத்தரமும் பாம்பும் அங்கே காத்திருக்கலாம். உள்ளே நுழைய வேண்டாம்.

செய்து பாருங்கள்

ஆராய்வதற்கு உங்கள் வீடே போதும். ஒரு தாளில் வீட்டின் வரைபடம் வரைந்து, பொருள்களைக் குறியுங்கள். ஒரு மாத அவகாசத்தில் வீட்டைக் காலி செய்தால் எவற்றை விட்டுச் செல்வீர்கள்? பத்தே நிமிட அவகாசம் என்றால்? இரண்டு பட்டியல்களையும் எழுதுங்கள். பிறகு ஆயிரம் ஆண்டுகளில் மக்கிப்போகக் கூடியவற்றை அடித்துவிடுங்கள். மீதியை மட்டும் நண்பரிடம் கொடுத்து, 'இங்கே வாழ்ந்தவர்கள் யார்?' என்று கேளுங்கள். அவர் எங்கே சரியாகச் சொல்கிறார், எங்கே தவறுகிறார் என்று கவனியுங்கள். மாளிகைமேட்டில் அறிஞர்கள் படும் பாடு அப்போது உங்களுக்கே புரியும்.