போக மறுக்கும் பாசி

மலைநாட்டிலே தண்ணீருக்குப் பஞ்சமில்லை என்பது வெளியூராரின் எண்ணம். நோர்வூட்டுக்கு வருவோர் கெசல்கமு ஓயாவைக் காண்கின்றனர். அது சென்று சேரும் காசல்ரீ நீர்த்தேக்கத்தைக் காண்கின்றனர். சரிவுதோறும் ஒழுகும் பீலிகளையும் காண்கின்றனர். ஆயினும் கண்ணுக்குத் தெரியும் நீரெல்லாம் பயன்படும் நீராகிவிடாது. தை, மாசி மாதங்களில் மழை ஓய்ந்து, ஓடைகள் மெலிந்து, வெயில் தெளிவாக எறிக்கத் தொடங்கினால், தேங்கி நிற்கும் நீர் மெல்லப் பச்சை நிறம் பூணுகின்றது.

சென்ற தை மாதத்தில் என் வகுப்பு மாணவன் ஒருவன் பாடம் முடிந்த பின்னர்த் தயங்கி நின்றான். முன்னர்த் துரைமார் வாழ்ந்து, இப்பொழுது உல்லாசப் பயணிகள் தங்கும் பங்களா ஒன்றில் அவனுடைய தந்தையார் நீச்சற் குளத்தைப் பராமரித்து வருகின்றார்.

"சேர், அப்பா மூன்று நாளாகக் காலையில் குளோரீன் தூள் போடுகிறார். கொஞ்சம் தெளிந்தது போல் இருக்கிறது. மறுநாள் மறுபடியும் பச்சை. வெள்ளிக்கிழமை ஆட்கள் வருகிறார்கள். கொழுந்துக்கு அடிக்கிற மயில்துத்தத்தைப் போட்டால் ஒரே நாளில் போய்விடும் என்று பக்கத்து வீட்டு மாமா சொல்கிறார். எங்கள் லயத்துத் தொட்டியிலும் அதே பச்சைதான். இரண்டுக்கும் போடலாமா, சேர்?"

பங்களாக் குளத்தில் ஒருவருடைய வேலை தங்கியிருந்தது. லயத்துத் தொட்டியிலோ பல குடும்பங்களின் குடிநீர் தங்கியிருந்தது. ஆதலின் அவ்வினாவுக்கு அவசரமாக விடை கூற எனக்கு மனம் வரவில்லை.

பாசி என்பது யாது?

நமது பாடநூல்கள் அல்கா என்று கூறும் நுண்ணுயிர்க் கூட்டத்தையே நாம் பாசி என்கின்றோம். காற்றும் மழையும் பறவையும் அதனைக் கொண்டுவந்து சேர்க்கின்றன. சூரிய ஒளியும், நைத்திரேற்று, பொசுபேற்று ஆகிய உப்புக்களும் கிடைத்துவிட்டால் அது பெருகத் தொடங்கும். உதிர்ந்த சருகும், உரமிட்ட சரிவிலிருந்து மழை நீர் அடித்துவரும் மண்ணும் அவ்வுணவைத் தாராளமாக வழங்குகின்றன.

நீச்சற் குளங்களில் மூன்று வகைப் பாசிகளைக் காணலாம். நீர் முழுவதையும் பச்சையாக்குவது ஒன்று. இது எளிதில் அழியும். நிழல் விழும் சுவர்களில் மஞ்சள் தூள் போலப் படிவது மற்றொன்று. மூன்றாவது, சீமெந்தின் நுண்துளைகளிலே கரும்புள்ளிகளாகப் பற்றிக்கொள்வது. இது உண்மையில் நீலப்பச்சை அல்கா எனப்படும் பற்றீரியா இனம். வழுவழுப்பான உறையொன்று அதனைப் போர்த்தியிருப்பதால், மேலே மருந்து பட்டாலும் உள்ளிருப்பது பிழைத்துக்கொள்ளும்.

குளோரீன் தோற்பது ஏன்?

மாணவனின் தந்தையார் செய்தது முழுத் தவறன்று, முறைதான் பிழைத்தது. வெளிற்றும் தூளை நீரிலே கரைத்தால் ஐப்போகுளோரசு அமிலம் உண்டாகின்றது. பாசியைக் கொல்லும் ஆற்றல் பெரும்பாலும் அதனுடையதே. நீரின் பி.எச். பெறுமானம் 7.5 ஆக இருக்கும்போது குளோரீனிற் பாதியளவே அவ்வடிவில் நிற்கும். 8 ஆக உயர்ந்தால் ஏறக்குறையக் கால் பங்குதான் மிஞ்சும். வெளிற்றும் தூளோ காரத்தன்மை உடையது. நாள்தோறும் அதனை இடுந்தோறும் பி.எச். உயர்கின்றது, மருந்தே தன் வலிமையைக் குறைத்துக்கொள்கின்றது.

இரண்டாவது காரணம் வெயில். காப்பு மருந்து கலவாத குளோரீனைக் கடும் வெயில் ஓரிரு மணி நேரத்திற் பெரும்பாலும் அழித்துவிடும். காலையில் இட்ட தூள் நண்பகலுக்குள் வீணாயிற்று. வெயிலைத் தாங்குவதற்காகச் சயனூரிக் அமிலம் சேர்த்த குளோரீன் வில்லைகளும் உண்டு. ஆனால் அவ்வமிலம் நீரில் மிகையாகச் சேர்ந்துவிட்டால் குளோரீனின் வேகம் மந்தமாகும். அப்பொழுது நீரில் ஒரு பகுதியை வெளியேற்றிப் புது நீர் விடுவதே வழி.

மூன்றாவது காரணம் அளவு. சருகும் அழுக்கும் இறந்த பாசியும் குளோரீனை விழுங்குகின்றன. நாளுக்குக் கைப்பிடி தூள் இடுவது யானைப் பசிக்குச் சோளப்பொரி இட்ட கதையே ஆகும்.

செய்ய வேண்டிய முறை

முதலிற் சருகுகளை வலையால் அள்ளுக. பி.எச். பெறுமானத்தை அதற்குரிய அமிலத்தால் 7.2 முதல் 7.4 வரைக்கும் தாழ்த்துக. பின்னர்ச் சுவரையும் அடியையும் மூலைகளையும் தூரிகையால் அழுத்தித் தேய்க்க வேண்டும். கரும்புள்ளி படிந்த சீமெந்துச் சுவராயின் துருப்பிடிக்காத கம்பித் தூரிகை தேவை. தேய்க்காமல் ஊற்றும் மருந்து உறையின் மேலேயே நின்றுவிடும்.

குளோரீனைச் சூரியன் மறைந்த பின்னரே இடுதல் வேண்டும். அளவைக் கணக்கிடுவது கடினமன்று. 10 மீற்றர் நீளம், 4 மீற்றர் அகலம், சராசரி 1.25 மீற்றர் ஆழம் உடைய குளத்தில் 50 கனமீற்றர், அதாவது 50,000 லீற்றர் நீர் உண்டு. ஒரு லீற்றருக்கு 10 மில்லிகிராம் குளோரீன் வேண்டுமாயின் மொத்தம் 500 கிராம் தேவை. வெளிற்றும் தூளிற் பயன்படு குளோரீன் நூற்றுக்கு 30 பங்கு எனக் கொண்டால், ஏறக்குறைய 1.7 கிலோகிராம் தூள் வேண்டும். அதனைப் பிளாத்திக்கு வாளிகளிற் கரைத்து, சுண்ணாம்பு அடியிற் படிந்த பின் தெளிநீரை மட்டும் குளத்தைச் சுற்றி ஊற்றுக.

வடிகட்டி இரவும் பகலும் ஓட வேண்டும். அடைபடுந்தோறும் அதனைக் கழுவவும் வேண்டும். மறுநாள் நீர் பச்சை நீங்கிச் சாம்பல் நிறமாகக் கலங்கினால் மனம் தளர வேண்டாம். அது இறந்த பாசி. அடியிற் படிந்ததை உறிஞ்சி வெளியேற்றுக. இரவிலே அளந்த குளோரீன் விடியற்காலையிலும் ஏறக்குறைய அவ்வளவாகவே நின்றால் பாசி அற்றுவிட்டது எனலாம். நிற்கவில்லையாயின் அன்று மாலையும் தேய்த்து மருந்திட வேண்டும். லீற்றருக்கு 1 முதல் 3 மில்லிகிராம் என்னும் அளவுக்குக் குளோரீன் இறங்கிய பின்னரே நீந்தலாம்.

ஓர் எச்சரிக்கை: குளோரீன் தூளையும் அமிலத்தையும் ஒருபொழுதும் ஒன்றாகக் கலக்கக்கூடாது; நச்சு வாயு கிளம்பும். தூளை நீரில் இட வேண்டுமேயன்றித் தூளின்மேல் நீரை ஊற்றுதலும் ஆகாது.

ஒன்றோடொன்று பொருந்தாத மருந்துகளைச் சேர்ப்பதன் பயனை உலகமே ஒருமுறை கண்டது. 2016ஆம் ஆண்டு றியோ டி ஜெனீரோ ஒலிம்பிக் விழாவில், ஆகத்து மாதம் 5ஆந் திகதி 80 லீற்றர் ஐதரசன் பேரொட்சைட்டைக் குளங்களிற் கலந்துவிட்டனர். அது அங்கிருந்த குளோரீனின் ஆற்றலைப் போக்கியது. 9ஆந் திகதி பாய்தற் குளம் கரும்பச்சையாயிற்று. அத்துணைப் பெரிய விழாவிலேயே பாசி இடங்கண்டு நுழைந்ததாயின், நமது சிறு குளம் எம்மாத்திரம்?

மயில்துத்தம் ஆகுமா?

பக்கத்து வீட்டு மாமாவின் யோசனைக்கும் ஒரு வரலாறு உண்டு. 1885ஆம் ஆண்டளவிற் பிரான்சு நாட்டு மில்லார்தே என்பார் மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த கலவையால் திராட்சைக் கொடியின் நோயைத் தடுத்தார். 1946இல் இலங்கைத் தேயிலையைக் கொப்புள நோய் பற்றியபோது செப்பு மருந்துகளே நமது மலைகளுக்கும் வந்து சேர்ந்தன. நீரிலுள்ள பாசியைச் செப்புச் சல்பேற்று கொல்லும் என்பதை 1904ஆம் ஆண்டிலேயே மூர், கெல்லர்மன் என்னும் அமெரிக்க அறிஞர் இருவர் எடுத்துக்காட்டினர். ஆகவே, மாமா கூறியது அறியாமையன்று.

ஆயினும் கொல்லும் அளவுக்கும் கெடுக்கும் அளவுக்கும் இடைவெளி சிறிது. செப்பு மிகுந்தால் குளத்தின் சுவரிற் கறை படியும்; அந்நீர் ஓடையிற் கலந்தால் மீன்கள் மடியும். அது பாசியைக் கொல்லுமேயன்றி நோய்க்கிருமிகளைக் குளோரீன் போல் அழிக்காது. குடிநீரிற் செப்பு லீற்றருக்கு 2 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை. தோட்டத்து மருந்துப் பொதியிற் செப்புடன் வேறு பொருள்களும் கலந்திருக்கலாம். அதனைக் குடிநீர்த் தொட்டியில் இடுவது ஒருபோதும் தகாது.

இதனினும் பெரிய ஆபத்து ஒன்றுண்டு. நீலப்பச்சை அல்காக்களுட் சில தம்முள்ளே நஞ்சை வைத்திருப்பவை. மருந்தால் அவை வெடிக்கும்போது நஞ்சு நீரிற் கலக்கின்றது. அவுத்திரேலியாவின் பாம் தீவில் 1979ஆம் ஆண்டு, மக்கள் குடிக்கும் நீர்த்தேக்கத்திற் படர்ந்த பாசியை ஒழிக்கச் செப்புச் சல்பேற்று இட்டனர். சில நாட்களுக்குள் 148 பேர் ஈரலும் குடலும் பாதிக்கப்பட்டு நோயுற்றனர். அவர்களுட் பெரும்பாலோர் சிறுவர். அத்தகைய நஞ்சு கொதிக்க வைத்தாலும் நீங்காது. இவ்வினம் நமக்கு அந்நியமன்று. கண்டி வாவியில் 1999ஆம் ஆண்டு நீலப்பச்சை அல்கா பெருகி நீரை மூடியது. பச்சைப் படலம் மிதக்கும் தேங்குநீரைக் குடிக்கவோ சமைக்கவோ எடுக்கலாகாது என்பதற்கு இவையே போதிய சான்று.

லயத்துத் தொட்டிக்கு வழி

குடிநீர்த் தொட்டியை மருந்தால் தெளிவிக்க முயலாமல், முழுவதும் வெறுமையாக்கித் தூரிகையாற் சுரண்டிக் கழுவுவதே முறை. பின்னர் நீர் நிரப்பி, ஆயிரம் லீற்றருக்கு ஏறக்குறைய 165 கிராம் வீதம் வெளிற்றும் தூளைக் கரைத்து ஊற்றி, ஓர் இரவு வைத்திருத்தல் வேண்டும். லீற்றருக்கு 50 மில்லிகிராம் குளோரீன் உடைய அந்நீரை எவரும் குடித்தலாகாது. மறுநாள் அதனை ஓடையிற் சேராத இடத்தில் வெளியேற்றி, ஒருமுறை கழுவிப் புது நீர் நிரப்புக.

இவை யாவற்றிலும் மேலானது மூடி. ஒளியில்லாத இடத்திற் பாசிக்கு வாழ்வில்லை. தொட்டியின்மேல் இறுக்கமாகப் பொருந்தும் ஒரு தகரம், எத்தனை கிலோ மருந்தும் செய்யாத வேலையைச் செய்யும்.

இவற்றையெல்லாம் ஒரு தாளில் எழுதி மாணவனிடம் கொடுத்தேன். செவ்வாய் மாலை தந்தையும் மகனும் குளத்தைத் தேய்த்து மருந்திட்டனர். புதன்கிழமை நீர் சாம்பல் நிறமாயிற்று. அன்று மாலையும் தேய்த்தனர். வெள்ளி காலையில் ஆழமான பக்கத்து அடியிலே கிடந்த ஐந்து ரூபாய் நாணயம் மேலிருந்து தெரிந்ததாம். அதனைச் சொல்லும்போது அவன் முகத்தில் இருந்த மகிழ்ச்சியை நான் மறக்கவில்லை.

"தொட்டி என்னவாயிற்று?" என்று கேட்டேன்.

"ஞாயிற்றுக்கிழமை கழுவப் போகிறோம், சேர். மாமாதான் தகரம் கொண்டு வருகிறார்" என்றான்.

விருந்தினர் நீந்தும் குளத்துக்கு மூன்று நாட் பாடுபடுகின்றோம். நம் குழந்தைகள் குடிக்கும் தொட்டி கேட்பது ஒரு ஞாயிற்றுக்கிழமையும் ஒரு தகரமுமே. இவ்வாரம் உங்கள் வீட்டுத் தொட்டியின் மூடியை ஒருமுறை தூக்கிப் பாருங்கள்.