எழ மறுக்கும் கணினி

2024ஆம் ஆண்டு ஜூலை 19, வெள்ளிக்கிழமை. இந்திய நேரப்படி முற்பகல் 9.39 மணிக்கு, கிரவுட்ஸ்ட்ரைக் என்னும் அமெரிக்க நிறுவனம் தன் காவல் மென்பொருள் இயங்கும் விண்டோஸ் கணினிகளுக்குச் சிறு தரவுக் கோப்பொன்றை அனுப்பியது. 10.57க்கு அதைத் திரும்பப் பெற்றது. இடைப்பட்ட 78 நிமிடங்களில் அக்கோப்பை ஏற்ற கணினிகள் நீலத்திரை காட்டி நின்றன, தாமே மீண்டும் தொடங்கின, மீண்டும் நின்றன. அவற்றின் தொகை ஏறத்தாழ 85 இலட்சம் என மைக்ரோசாப்ட் மதிப்பிட்டது. உலகெங்கும் வானூர்திகள் தரையில் நின்றன. மருத்துவமனைப் பணிகள் தடைப்பட்டன. ஆயினும் அக்கணினிகளின் வன்பொருளுக்கு எக்கேடும் நேரவில்லை.

எழ மறுக்கும் கணினியை அணுகுவோர் முதலில் அறியவேண்டியது, அது எந்தப் படிவரை வந்து நின்றது என்பதே. மின்விசையை அழுத்தியதும் மையச் செயலகம், தாய்ப்பலகையில் பதிந்துள்ள நிலைபொருளின் ஆணைகளைப் படிக்கத் தொடங்குகிறது. நிலைபொருள் நினைவகம் முதலிய உறுப்புகளைச் சோதித்துவிட்டுச் சேமிப்பகத்தில் தொடக்க நிரலைத் தேடுகிறது. தொடக்க நிரல், இயங்குதளத்தின் கருப்பகுதியையும் அதற்கு உடனே தேவைப்படும் இயக்கிகளையும் நினைவகத்தில் ஏற்றுகிறது. அதன் பின்னரே நுழைவுத்திரை தோன்றும். திரை ஒளிராமல் ஒலிக்குறிகள் மட்டும் எழுந்தால் நினைவகப் பலகையையோ வரைவியல் அட்டையையோ ஐயுறலாம். தொடக்க நிரல் கிட்டவில்லை என்னும் அறிவிப்பு வந்தால் சேமிப்பகத்தையும் அதன் இணைப்பையும் நோக்கவேண்டும். விண்டோஸ் சின்னம் தோன்றிய பின் நீலத்திரை வந்தால், முந்தைய படிகள் பெரும்பாலும் நலமே. குறை இயக்கிகளிலோ இயங்குதளக் கோப்புகளிலோ இருக்கக்கூடும்.

கிரவுட்ஸ்ட்ரைக் நிகழ்வில் நேர்ந்தது இக்கடைசி வகை. அந்நிறுவனத்தின் இயக்கி, கருப்பகுதிக்குரிய முழு உரிமையுடன் தொடக்கத்திலேயே ஏற்றப்படுவது. புதிய கோப்பின் விதிகள் 21ஆம் உள்ளீட்டைக் கேட்டன. மென்பொருள் வழங்கியதோ 20 மட்டுமே. இல்லாத ஒன்றைத் தேடிய இயக்கி, எல்லைக்கு அப்பாலுள்ள நினைவகத்தைப் படிக்க முயன்றது. பயனர் நிலையில் இயங்கும் நிரல் இவ்வாறு தவறினால் அந்நிரல் மட்டும் மூடப்படும். கருப்பகுதியில் தவறு நேர்ந்தாலோ, தரவு சிதையாதிருக்க இயங்குதளம் முழுவதுமாகத் தன்னை நிறுத்திக்கொள்ளும். ஆகவே நீலத்திரையை நான் ஒரு காப்புச் செயலாகவே மதிக்கிறேன்.

திருத்தம் இணையத்தில் காத்திருந்தது. அதைப் பெறும்வரை கணினிகள் விழித்திருக்கவில்லை. பலமுறை மறுதொடக்கம் செய்தபோது, நிலைகுலையும் முன்னரே திருத்தத்தைப் பெற்று மீண்டவை சில. தன் மேகக் கணினிகள் சிலவற்றுக்கு 15 முறை வரை மறுதொடக்கம் தேவைப்பட்டதாக மைக்ரோசாப்ட் தெரிவித்தது. ஏனையவற்றுக்கு ஆள் நேரில் செல்லவேண்டியிருந்தது. இன்றியமையா இயக்கிகளை மட்டும் ஏற்றும் பாதுகாப்பு முறையில் கணினியைத் தொடங்கி, ‘சி-00000291’ எனத் தொடங்கும் கோப்பை அழித்தால் போதும். எளிய மருந்துதான். ஆனால் வட்டு மறையாக்கம் செய்யப்பட்ட கணினிகள் அதற்கு முன் 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்டன. அவ்வெண் முடங்கிய மற்றொரு கணினிக்குள் இருந்தால் என் செய்வது? கிரவுட்ஸ்ட்ரைக்கின் மென்பொருள் இயங்கும் விண்டோஸ் கணினிகளுள் 97 விழுக்காட்டுக்கு மேற்பட்டவை இயங்குநிலையில் இருக்க ஜூலை 25 ஆயிற்று.

இல்லங்களில் கணினி நிலைகுலைவதற்கு மின்தடையும் தேய்ந்த வன்தட்டும் பொதுவான காரணங்கள். மின்தடையால் பாதியில் நின்ற மாற்றங்களை, விண்டோஸின் கோப்பு முறைமை தான் எழுதிவைத்த குறிப்பேட்டைக் கொண்டு அடுத்த தொடக்கத்தில் முடிக்கும், அல்லது நீக்கும். அப்பணி நடக்கையில் பொறுமையிழந்து மின்விசையை அணைப்பது கேட்டைப் பெருக்கும். வன்தட்டிலிருந்து ‘டிக் டிக்’ என்னும் ஒலி எழுந்தால் நிலைமை வேறு. பழுதுநீக்கும் நிரலை அதன்மேல் ஓட்டுவது, நொடிந்த தட்டை மேலும் வருத்தி எஞ்சிய தரவையும் அழிக்கலாம். உடனே அணைத்துவிட்டுத் தரவு மீட்பில் தேர்ந்தவரிடம் கொடுப்பதே தக்கது. அவ்வொலியின்றி இயங்கும் தட்டாயின், லினக்ஸ் ஏற்றிய விரலியிலிருந்து கணினியைத் தொடங்கிக் கோப்புகளை வேறிடத்துக்குப் படியெடுக்கலாம். பழுதுநீக்கம் அதற்குப் பிறகே.

பழுது பார்க்கும் கடைகளில் ‘ஃபார்மட் போட்டுவிடலாம்’ என்னும் சொல் மிக விரைவில் வருகிறது. கோப்புகள் வெளியே எடுக்கப்பட்டன என்று கண்ணால் காணும்வரை அதற்கு இசையாதீர்கள். உங்கள் கணினி மறையாக்கம் செய்யப்பட்டதா என்பதை இன்றே பாருங்கள். ஆம் எனில், அந்த 48 இலக்கங்களைத் தாளில் எழுதி, கணினிக்கு வெளியே பத்திரப்படுத்துங்கள்.