உடற்பயிற்சியின் அளவு

உடல் நலத்துக்கு எத்துணைப் பயிற்சி வேண்டும்? அமர்ந்தே வண்டி செலுத்திய இலண்டன் பஸ் சாரதிகளைவிட, மாடிப்படி ஏறியிறங்கிய நடத்துனரிடையே மாரடைப்புக் குறைவென ஜெரமி மொரிஸ் என்னும் மருத்துவர் 1953இல் எடுத்துக்காட்டினார். உலக சுகாதார ஸ்தாபனம் 2020இல் வகுத்த நெறிப்படி வளர்ந்தோர் வாரத்திற் குறைந்தது 150 நிமிடம் மிதமாக இயங்குதல் வேண்டும். இருநாளேனும் தசைகளுக்கு வலுவூட்டுதலும் வேண்டும்.

கண்டி வாவியைச் சுற்றிய பாதை ஏறக்குறைய மூன்று கிலோமீற்றர். விரைந்து நடப்போர்க்கும் அரைமணிக்கு மேலாகும். வாரம் ஐந்துமுறை சுற்றின் அவ்வளவு நிறைவுறும். மலைச்சரிவில் நாளெல்லாம் கொழுந்தெடுப்போர்க்கு வேண்டுவன ஓய்வும் ஊட்டமுமே. நடக்குமாறு அறிவுறுத்தவேண்டியது மேசைமுன் அமர்ந்திருக்கும் கற்றோரையே. அன்னார் சிறிது நடப்பினும் அது வாளாவிருத்தலினும் நன்று.