சின்னத் தமனி சொல்லும் எச்சரிக்கை

வயிற்றின் பின்புறமாக இறங்கிவரும் பெருந்தமனி, தொப்புளுக்குச் சற்றுக் கீழே இரண்டாகப் பிரிகிறது. ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு கிளை இடுப்புக்குழிக்குள் இறங்கி சிறுநீர்ப்பை, கருப்பை, மலக்குடல் ஆகியவற்றுக்கு ரத்தம் தருகிறது. அந்தக் கிளையிலிருந்து புறப்படுவதுதான் ‘இன்டர்னல் பியூடெண்டல்’ தமனி. ஆசனவாயைச் சுற்றிய பகுதியும் வெளிப் பிறப்புறுப்பும் பெரும்பாலும் இதை நம்பியே இருக்கின்றன. விரைகள் மட்டும் விதிவிலக்கு. கருவில் அவை வயிற்றுக்குள் உருவாகிப் பிறகு கீழிறங்குவதால், அவற்றின் தமனி சிறுநீரகத்துக்கு அருகிலேயே பெருந்தமனியிலிருந்து கிளம்பி அவ்வளவு தூரம் வருகிறது.

பியூடெண்டல் தமனியின் பாதையும் வியப்பானது. இடுப்புத்தளத் தசைகள் தூளிபோல விரிந்து உள்ளுறுப்புகளைத் தாங்குகின்றன. தமனி அந்தத் தசையைத் துளைப்பதில்லை. பின்பக்கமாகப் பிட்டத்துக்குள் வெளியேறி, ஒரு எலும்பு முனையைச் சுற்றி வளைந்து, வேறொரு திறப்பு வழியாகத் தசைக்குக் கீழே வந்து சேர்கிறது. பிறகு, நாம் உட்காரும்போது உடல் எடையைத் தாங்கும் எலும்பின் உட்புறத்தை ஒட்டி முன்னேறுகிறது.

ஆணுறுப்பின் விறைப்பு என்பது அடிப்படையில் இந்தத் தமனி தரும் ரத்த ஓட்டம்தான். நரம்பின் தூண்டுதலால் நைட்ரிக் ஆக்சைடு சுரக்க, தமனிச் சுவர் தளர்ந்து ரத்தம் பாய்கிறது. நைட்ரிக் ஆக்சைடின் இந்தப் பணியைக் கண்டறிந்த மூவருக்கு 1998-இல் நோபல் பரிசு கிடைத்தது. பெண்களிலும் இதே தமனி, இதே ஏற்பாடுதான். ஆனால் பெண்களில் விறைக்கும் உறுப்பான கிளிட்டோரிஸின் முழு அமைப்பை ஆஸ்திரேலிய மருத்துவர் ஹெலன் ஓ’கானல் அதே 1998-இல் விரிவாக எழுதும்வரை பாடநூல்கள் அதைப் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. இது மருத்துவத்துக்குப் பெருமை தரும் வரலாறு அல்ல.

ஆணுறுப்புத் தமனியின் விட்டம் 1 முதல் 2 மில்லிமீட்டர். இதயத் தமனிக்கு 3 முதல் 4 மில்லிமீட்டர். சர்க்கரையும் புகையும் கொழுப்பும் இரண்டையுமே கெடுக்கின்றன. ஆனால் சின்னக் குழாய்தான் முதலில் திணறும். அதனால் பலருக்கு மாரடைப்புக்குச் சில ஆண்டுகள் முன்பே விறைப்புக் குறைபாடு தலைகாட்டுகிறது.

நடுவயதில் இது நேர்ந்தால் வெட்கப்பட்டு ஒளிக்காதீர்கள். சுவரொட்டி விளம்பரங்களை நம்பி லாட்ஜ் வைத்தியரிடம் போகாதீர்கள். மருத்துவரிடம் சொல்லி சர்க்கரை, ரத்த அழுத்தம், கொலஸ்ட்ரால் மூன்றையும் பாருங்கள். நெஞ்சுவலிக்காக நாக்குக்கடியில் நைட்ரேட் மாத்திரை வைப்பவர்கள் விறைப்புக் குறைபாட்டுக்குத் தரப்படும் சில்டெனாஃபில் மாத்திரையைத் தொடவே கூடாது. இரண்டும் சேர்ந்தால் ரத்த அழுத்தம் உயிருக்கே ஆபத்தாகும் அளவுக்குச் சரியும்.