ஒரு கை பிள்ளைக்கு

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் எங்கள் வீட்டுக் கூடத்தில் பாதி இடம் தறிக்கு. மீதிப் பாதியில்தான் உண்டோம், உறங்கினோம், பிள்ளை பெற்றுப் படுத்தோம். 1988-ல் தலைப்பிரசவத்துக்கு நான் அம்மா வீட்டுக்கு வந்தபோது, தறிக்குப் பின்னால் பழைய புடவையை மறைப்பாகக் கட்டி எனக்கு இடம் ஒதுக்கினார்கள். உத்தரத்தில் தூளி. மறைப்புக்கு அந்தப் பக்கம் தறிக்குழியில் அப்பா. அவர் நெய்துகொண்டிருந்தது கோர்வைக் கரை. கோர்வைக்கு ஒரு ஆள் போதாது. கரையின் நாடாவை ஓரத்திலிருந்து தள்ளிக் கொடுக்க இன்னொரு ஆள் உட்கார வேண்டும். எங்கள் வீட்டில் அந்த ஆள் அம்மா. ஆகவே எனக்குச் சோறு போட்டது ஆயா, எங்கள் பாட்டி.

போட்டது என்று சொல்வது சரியில்லை. ஊட்டினாள்.

பிள்ளையை இடது மாரில் விட்டால் அதன் தலை இடது முழங்கை மடிப்பில் கிடக்கும், வலது கை சும்மா இருக்கும், சாப்பிடலாம். வலது மாருக்கு மாற்றினால் சோற்றுக் கை போய்விடும். இடது கையால் சாப்பிட நம் வீடுகளில் யாரும் விடுவதில்லை. வலது கை சும்மா இருந்தால்கூட, குழம்பை ஊற்றிப் பிசைய, அப்பளத்தை உடைக்க, தட்டு நகராமல் பிடிக்க இன்னொரு கை வேண்டியிருக்கிறது. ஒரு கையால் சாப்பிடுகிறவர்கள் என்றுதான் நாம் நம்மைப் பற்றி நினைத்துக்கொண்டிருக்கிறோம். பிள்ளையை ஏந்திய பிறகுதான் அந்த இன்னொரு கை எவ்வளவு வேலை செய்திருக்கிறது என்று தெரியும்.

ஆயாவுக்கு இது தெரிந்திருந்தது. பூண்டும் மிளகும் அரைத்து வைத்த குழம்பை நல்லெண்ணெய் விட்டுச் சோற்றில் பிசைவாள். எலுமிச்சங்காயில் பாதி அளவுக்கு உருட்டுவாள். நான் எந்தப் பக்கம் கொடுத்துக்கொண்டிருந்தாலும் எதிர்ப்பக்கம் வந்து உட்கார்ந்து, "வாயத் தொற கண்ணு" என்பாள். ஒரு உருண்டை முடிந்ததும் ஒரு துண்டு நெத்திலிக் கருவாடு. காலையில் வெறும் வயிற்றில் நெல்லிக்காய் அளவு லேகியம். நாலு மணிக்கு வெந்தயக்களி. அதையும் உருட்டி, நடுவில் குழித்து, கருப்பட்டிப் பாகும் நல்லெண்ணெயும் விட்டுக் கையில் கொடுப்பாள். தலையணைப் பக்கத்தில் ஒரு பித்தளைத் தூக்கில் எள்ளுருண்டை இருக்கும். ராத்திரி பிள்ளைக்குப் பால் கொடுக்கும்போது வரும் பசி வேறு மாதிரியானது. குடலையே சுருட்டி இழுக்கும். இருட்டில் தூக்கைத் தடவி ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொள்வேன்.

அந்த நாற்பது நாளை நினைத்தால் இன்றைக்கும் என் கண் நிறைகிறது. ஆனாலும் அதில் இருந்த தவறுகளைச் சொல்லாமல் விட எனக்கு மனமில்லை. பச்சை உடம்புக்காரிக்குத் தண்ணீர் ஆகாது என்று அளந்து கொடுத்தார்கள். பால் கொடுக்க உட்கார்ந்ததும் நாக்கு வறண்டு ஒட்டிக்கொள்ளும். கேட்டால் அரை டம்ளர் வெந்நீர், அதுவும் சீரகம் போட்டது. பழம் கூடாது, தயிர் கூடாது. எங்கள் தெருவில் சில வீடுகளில் முதலில் சுரக்கும் மஞ்சள் பாலைக் கெட்ட பால் என்று பீய்ச்சிக் கீழே விட்டார்கள். குழந்தையின் நாக்கில் முதலில் சேனைதான் தொட்டு வைத்தார்கள். சீம்பால்தான் குழந்தைக்கு முதல் தடுப்பு மருந்து, பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும் என்று இன்றைக்குக் கிராம சுகாதாரச் செவிலியர் வீட்டுக்கு வீடு சொல்கிறார். சொல்லாமல் போன காலத்தில் என்னவெல்லாம் இழந்தோமோ. இன்னொன்று, பத்தியம் எல்லா வீட்டிலும் நடக்கவில்லை. முதலாளி பாவு கொடுக்கவில்லை என்றால் தறி நிற்கும், தறி நின்றால் உலையும் நிற்கும். பிள்ளை பெற்ற பதினைந்தாம் நாள் தார் சுற்ற உட்கார்ந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு யார் உருட்டிக் கொடுத்தார்கள்?

இப்போது அந்தக் கூடத்தில் தறி இல்லை. குழியை மூடி டைல்ஸ் போட்டுவிட்டார்கள். அண்ணன் கண் மங்கியதும் தறியை விற்றார். அண்ணி ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலைக்குப் போகிறாள். விடியற்காலை பஸ் வரும், மாலை ஆறுக்குத்தான் திரும்புவாள். அண்ணன் மகளுக்குப் போன ஐப்பசியில் பிரசவம், ஆபரேஷன். தமிழ்நாட்டில் இன்று வீட்டில் பிறக்கும் குழந்தை அநேகமாக இல்லை. 2019–21 தேசிய குடும்பநல ஆய்வின்படி 99.6 சதவீதப் பிரசவம் மருத்துவமனையில்தான் நடக்கிறது. இது பெரிய சாதனை. அதே ஆய்வு, நூறில் 45 பிரசவம் ஆபரேஷன் என்றும் சொல்கிறது. தையல் போட்ட வயிற்றோடு எழ ஒரு கையை ஊன்ற வேண்டும். இன்னொரு கையில் பிள்ளை. சாப்பிட எந்தக் கை மிச்சம்?

ஒரு நாள் மாலை நாலு மணிக்கு அவளிடம் போனில் பேசினேன். "சாப்பிட்டியாம்மா?" என்றேன். "காலையில வெச்ச இட்லி அப்படியே இருக்கு அத்தை. சட்னி தொட்டுச் சாப்பிடுறதுக்குள்ள எழுந்துடறான்" என்றாள். குரலில் குறை இல்லை, அலுப்புதான் இருந்தது. பிறந்த குழந்தை ஒரு நாளில் எட்டு முதல் பன்னிரண்டு முறை பால் குடிக்கும். ஒவ்வொரு முறைக்கும் அரை மணி என்றாலும் நாலு முதல் ஆறு மணி நேரம் போயிற்று. பால் கொடுக்கும் தாய்க்கு முதல் ஆறு மாதம் தினமும் 600 கிலோ கலோரி கூடுதலாக வேண்டும் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் கணக்கிட்டிருக்கிறது. வழக்கமாகச் சாப்பிடுவதற்கு மேல் பத்து இட்லி அளவு. இவளோ வழக்கமானதையே சாப்பிடவில்லை.

மறுநாள் போய் நாலு நாள் இருந்தேன். போகும்போது கையில் சுக்குப்பொடி எடுத்துப் போனேன்.

வரதராஜப் பெருமாள் கோயில் இட்லியைச் சாப்பிட்டவர்களுக்கு நான் எதற்காக எடுத்துப் போனேன் என்று புரியும். நீளமான மூங்கில் குடலையில் மந்தாரை இலையைப் பரப்பி, மாவை ஊற்றி, பல மணி நேரம் ஆவியில் வேகவைப்பார்கள். அரிசி, உளுந்து, சுக்கு, மிளகு, சீரகம், பெருங்காயம், நெய். கோயில் மடப்பள்ளிச் சரக்கும் பிள்ளை பெற்றவளின் மருந்துச் சரக்கும் இவ்வளவு நெருக்கமாக இருப்பதை அந்த இட்லியை ஆயிரம் முறை தின்ற நான் இத்தனை வருஷம் கவனித்ததில்லை. துண்டு போட்டால் கையில் நிற்கும், சட்னி கேட்காது, மறுநாளும் கெடாது. எங்கள் வீட்டில் தீட்டு நாளில் கோயில் பிரசாதம் பிரசவ அறைக்குள் வராது. ஆனால் வீட்டில் செய்வதை யார் தடுப்பது? பச்சரிசி ஒரு ஆழாக்கு, புழுங்கலரிசி ஒரு ஆழாக்கு, உளுந்து ஒரு ஆழாக்கு. ரவை பதத்துக்கு அரைத்து ராத்திரி புளிக்க வைத்தேன். காலையில் ஒரு ஸ்பூன் சுக்குப்பொடி, ஒன்றிரண்டாகப் பொடித்த மிளகும் சீரகமும் நெய்யில் பொரித்து, பெருங்காயம் சேர்த்து, நெய் தடவிய டம்ளர்களில் முக்கால் அளவு ஊற்றி வேகவைத்தேன். ஆறியதும் கவிழ்த்தால் டம்ளர் மாதிரியே நிற்கும். நாலாக நறுக்கி மூடி போட்ட டப்பாவில் போட்டு, அவள் உட்காரும் இடத்துக்கு இரண்டு பக்கமும் ஒவ்வொன்று வைத்தேன். இரண்டு பக்கமும் தண்ணீர் பாட்டில். தண்ணீரை அளக்கவில்லை.

அடுத்த நாள் முருங்கைக்கீரை அடை, சின்னச் சின்னதாக. பிறகு பூண்டு போட்ட காரக் கொழுக்கட்டை. அவித்த முட்டையை உரித்தே வைத்துவிட வேண்டும், ஒரு கையால் முட்டை உரிக்க முடியாது. கேழ்வரகுக் கஞ்சியை உறிஞ்சுகுழல் வைத்த பாட்டிலில் ஊற்றினேன், நன்றாக ஆறவைத்து. பிள்ளை மடியில் இருக்கும்போது கொதிக்கும் எதையும் அதன் தலைக்கு மேலே தூக்கக் கூடாது. காபிகூட வேண்டாம். இதை எல்லாத் தாய்மாரிடமும் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்.

"இதெல்லாம் தின்னா பால் ஊறுமா அத்தை?" என்றாள். பிள்ளை குடிக்கக் குடிக்கத்தான் பால் ஊறும், பூண்டும் முருங்கையும் உன் உடம்பு ஓய்ந்துபோகாமல் இருக்க என்றேன். இது டாக்டர் சொன்னது. ஆயா இருந்திருந்தால் பூண்டுதான் என்று சாதித்திருப்பாள்.

அலமாரியில் சத்துமாவுப் பொட்டலம் ஒன்று பிரிக்காமல் இருந்தது. மாசமாக இருந்தபோது அரசு கொடுத்த பெட்டகத்தில் வந்தது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரில் 1987-ல் தொடங்கிய மகப்பேறு நிதித் திட்டம் அது. 2018-ல் தொகையை 18,000 ரூபாயாக உயர்த்தியபோது சத்துமாவு, பேரீச்சம்பழம், நெய், இரும்புச்சத்து டானிக் கொண்ட பெட்டகங்களையும் சேர்த்தார்கள். 2015-ல் அரசு மருத்துவமனைகளில் பிள்ளை பெற்றவர்களுக்குக் கொடுத்த பதினாறு பொருள் பையில் சௌபாக்கிய சுண்டி லேகியமும் இருந்தது. அதைக் கேள்விப்பட்ட அன்று எனக்கு உடம்பு சிலிர்த்தது. ஆயா உரலில் இடித்ததை ஒரு அரசாங்கம் டப்பாவில் போட்டுக் கொடுத்தது. அந்தச் சத்துமாவை வறுத்து, வெல்லமும் நெய்யும் சேர்த்து உருண்டை பிடித்துத் தூக்கில் போட்டேன். பித்தளைத் தூக்கு போய்விட்டது, இது எவர்சில்வர்.

பொருள் கொடுக்க அரசு இருக்கிறது, சென்னையில் பத்தியச் சாப்பாட்டையே டப்பாவில் கட்டி வீட்டுக்கு அனுப்புகிறவர்களும் வந்துவிட்டார்கள். உருட்டிக் கொடுக்கும் ஆளுக்குத்தான் ஏற்பாடு இல்லை. தமிழக அரசு ஊழியருக்கு மகப்பேறு விடுப்பு 2021 முதல் ஒரு வருஷம். கம்பெனியில் வேலை பார்க்கும் பெண்ணுக்கு 2017 முதல் 26 வாரம். மகளுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டிய அண்ணிக்கு? நாலு நாள் லீவு போட்டாள், அந்த நாலு நாள் சம்பளமும் போயிற்று. எனக்கு இதில் கோபம் இருக்கிறது. அம்மா அந்தக் காலத்தில் கோர்வைக்கு உட்கார்ந்தாள், அண்ணி இன்றைக்கு பேக்கிங்குக்கு நிற்கிறாள். இரண்டு பேருக்கும் மகள் பக்கத்தில் உட்கார ஆசைதான். அன்றைக்கு இடையில் ஆயா இருந்தாள்.

நான் கிளம்புவதற்கு முந்திய ராத்திரி, மாப்பிள்ளை இரண்டாம் ஷிப்ட் முடிந்து ஒரகடத்திலிருந்து வரும்போது பன்னிரண்டரை. இவள் சுவரில் சாய்ந்து பிள்ளைக்குக் கொடுத்துக்கொண்டிருந்தாள், வலது பக்கம். இடது பக்கத்து டப்பா காலி. நான் எழப் போனேன். "நீங்க படுங்க அத்தை" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு, நகக்கண்ணில் இருந்த கறை போகக் கையைச் சோப்பு போட்டு இரண்டு முறை கழுவினார். சோற்றில் பூண்டுக் குழம்பை ஊற்றிப் பிசைந்தார். பிசையத் தெரியவில்லை, ஒரு பக்கம் குழம்பாகவும் ஒரு பக்கம் வெள்ளையாகவும் இருந்தது. உருட்டி எடுத்துப்போய் அவளுடைய இடது பக்கம் உட்கார்ந்தார். முதல் உருண்டை பாதி அவள் மடியிலேயே உடைந்து விழுந்தது.

"இன்னும் சின்னதா உருட்டுங்க" என்றாள், வாயைத் துடைத்துக்கொண்டு. "எலுமிச்சங்காயில பாதி இருக்கட்டும்."