சிறுநீரகக் கல்லும் அதிர்வலைச் சிகிச்சையும்

சிறுநீரகக் கல்லினால் விலாப்புறத்தில் எழும் வேதனை, அதை அனுபவித்தவர்களுக்கே தெரியும். முற்காலத்தில் பெரிய கற்களை அகற்ற உடலைக் கீறி ரண சிகிச்சை செய்ய வேண்டியிருந்தது. 1980-ஆம் ஆண்டு பிப்ரவரியில், ஜெர்மனியின் மியூனிக் நகரில், கிறிஸ்டியன் ஷௌசி என்ற வைத்தியரும் அவருடைய குழுவினரும், கத்தி படாமலே ஒரு நோயாளியின் கல்லை அதிர்வலைகளால் உடைத்துக் காட்டினர். அக்கருவியை அமைத்தது டோர்னியர் என்னும் விமானத் தொழில் நிறுவனமாகும்.

உடலுக்கு வெளியே தோற்றுவிக்கப்படும் அலைகள், தசைகளைக் கடந்து கல்லின் மீது குவிகின்றன. கல் துகள்களாகிச் சிறுநீருடன் வெளியேறுகிறது. ஆயினும், ஒருவருக்கு ஒரே தடவையில் பயனளிக்கும் இச்சிகிச்சை, மற்றொருவருக்குப் பன்முறை செய்தும் பலிப்பதில்லை. இதற்குக் காரணங்கள் யாவை?

முதலாவது, கல்லின் பருமன். 10 மில்லிமீட்டருக்கு உட்பட்ட கற்களில் வெற்றி மிகுதி. 20 மில்லிமீட்டருக்கு மேற்பட்டவற்றுக்கு, முதுகுப்புறத்தில் சிறு துளையிட்டு அகற்றும் முறையே பெரும்பாலும் ஏற்றது.

இரண்டாவது, கல் இருக்குமிடம். சிறுநீரகத்தின் அடிப்பகுதியிலுள்ள கல் நன்கு உடைந்தாலும், துகள்கள் மேலேறியே வெளிவர வேண்டியிருப்பதால் அங்கேயே தங்கிவிடக்கூடும்.

மூன்றாவது, கல்லின் இயல்பு. யூரிக் அமிலக் கல் எளிதில் உடையும். சிஸ்டின் கல்லும், கால்சியம் ஆக்ஸலேட் மோனோஹைட்ரேட் கல்லும் எளிதில் உடைவதில்லை. சி.டி. படத்தில் அடர்த்தி 1,000 ஹவுன்ஸ்ஃபீல்ட் அலகுகளைத் தாண்டினால் வெற்றி வாய்ப்புக் குறையும்.

நான்காவது, நோயாளியின் உடல்வாகு. தோலுக்கும் கல்லுக்கும் இடையிலுள்ள தூரம் 10 சென்டிமீட்டருக்கு மேற்பட்டால் பலன் குன்றுகிறது.

சிகிச்சை செய்யும் முறையும் முக்கியமானதே. நிமிஷத்துக்கு 120 அதிர்வுகள் செலுத்துவதைவிட 60 செலுத்துவதே நற்பலன் தருகிறது. ஓர் அதிர்வினால் உண்டாகும் நுண்குமிழிகள், மறைவதற்குள் அடுத்த அதிர்வு வந்தால் அதன் வலிமையைத் தடுத்துவிடுகின்றன. கருவிக்கும் தோலுக்கும் இடையே தடவப்படும் கூழில் காற்றுக் குமிழி இருப்பினும் இத்தகைய தடையே நேரும். குறைந்த வலிமையில் தொடங்கிப் படிப்படியாக உயர்த்துவது சிறுநீரகத்தைக் காயத்தினின்றும் காக்க உதவும்.

கர்ப்பிணிகளுக்கும், இரத்தம் உறையாக் கோளாறு உடையோருக்கும், சிறுநீர்ப் பாதையில் அடங்காத தொற்று உள்ளவர்களுக்கும் இம்முறை ஆகாது. கல்லுக்குக் கீழே பாதை அடைபட்டிருந்தாலும் துகள்கள் வெளியேற வழியில்லை.

ஆகவே, சிகிச்சை பலிக்கவில்லையெனில் கருவியையோ வைத்தியரையோ மட்டும் குறை கூறுவது பொருந்தாது. தமது கல்லின் பருமன், இடம், அடர்த்தி ஆகியவற்றை முன்கூட்டியே கேட்டறிந்து முறையைத் தேர்ந்துகொள்ளும் நோயாளி, வீண் செலவையும் மறு வேதனையையும் தவிர்க்கலாம். கல் நீங்கிய பின்னரும், நாளொன்றுக்கு இரண்டரை லிட்டர் சிறுநீர் பிரியுமளவு நீர் அருந்தி வருவது, அது மீண்டும் தோன்றாதிருக்கப் பெரிதும் துணை செய்யும்.