இலக்கமுறைத் தொலைபேசி அட்டையும் திறந்த மூல இயங்குதளமும்

சாதாரணத் தொலைபேசிக் கம்பியில் குரலானது ஏறி இறங்கும் மின்னலையாகச் செல்கிறது. ஐ.எஸ்.டி.என். எனப்படும் முறையிலோ, அது சந்தாதாரரின் இல்லத்திலேயே இலக்கங்களாக மாற்றப்பட்டு அனுப்பப்படுகிறது. ஆகவே பேச்சும் கணினித் தகவலும் ஒரே இணைப்பில் செல்ல இயலுகிறது. இதன் அடிப்படை இணைப்பில் வினாடிக்கு 64,000 பிட்டுகளைக் கொண்டு செல்லும் 'பி' தடங்கள் இரண்டும், 16,000 பிட்டுகளைக் கொண்டு செல்லும் 'டி' தடம் ஒன்றும் உண்டு. பேச்சையும் தகவலையும் சுமப்பவை பி தடங்கள்; அழைப்பை ஏற்படுத்துவதும் முடிப்பதும் டி தடத்தின் பணியாகும்.

இவ்விணைப்பிற்கெனக் கணினியில் செருகப்படும் அட்டைகள் இருவகைப்படும். முதல் வகையில் தனி நுண்செயலி உண்டு. டி தடத்தின் விதிமுறைகளை அதுவே கவனித்துக்கொள்ளும். இரண்டாம் வகை விலை மலிவானது. அதில் நுண்செயலி இன்மையால், அவ்விதிமுறைகளைக் கணினியின் மென்பொருளே நிறைவேற்ற வேண்டும். எனவே மலிவான அட்டைக்கே விரிவான இயக்கி நிரல் தேவைப்பட்டது.

1990களில் ஜெர்மனியில் ஐ.எஸ்.டி.என். பரவியபோது, அங்குள்ள ஆர்வலர்கள் லினக்ஸ் இயங்குதளத்திற்கு இத்தகைய நிரல்களை எழுதலாயினர். 1996இல் வெளிவந்த லினக்ஸ் 2.0 பதிப்பில் 'ஐ.எஸ்.டி.என். ஃபார் லினக்ஸ்' தொகுதி இடம்பெற்றிருந்தது. அதன் 'ஹைசாக்ஸ்' என்னும் இயக்கி, சீமென்ஸ் நிறுவனத்தின் எச்.எஸ்.சி.எக்ஸ்., ஐசாக் என்னும் இரு சில்லுகளின் பெயர்களால் அமைந்தது. வெவ்வேறு நிறுவனங்களின் அட்டைகளிலும் ஒரே இனச் சில்லுகள் இருந்தமையால், ஓர் இயக்கியே பலவற்றிற்கும் பயன்பட்டது. சில்லின் விவரக் குறிப்பு வெளியிடப்பட்டிருந்தால் மட்டுமே இவ்வாறு எழுதுதல் எளிது.

இங்கு ஒரு சிக்கலும் எழுந்தது. பொதுத் தொலைபேசி வலையில் இணைக்கப்படும் சாதனத்திற்கு அங்கீகாரம் வேண்டும். குறிப்பிட்ட சில அட்டைகளுடன் ஹைசாக்ஸ் அங்கீகாரம் பெற்றது. ஆயினும் மூலநிரல் மாற்றப்படாத வரையில்தான் அது செல்லும். நிரலைத் திருத்தும் உரிமை அனைவர்க்கும் உண்டு. திருத்தினாலோ அங்கீகாரம் நீங்கிவிடும்.

2008இல் லினக்ஸ் 2.6.27 பதிப்பில் 'எம்.ஐ.எஸ்.டி.என்.' என்னும் புதிய தொகுதி சேர்க்கப்பட்டது. பயன்படுத்துவோரும் பராமரிப்போரும் அருகியமையால், பழைய தொகுதி 2019இல் வெளிவந்த 5.3 பதிப்பில் நீக்கப்பட்டது. பழுதில்லாத அட்டையும் புதிய பதிப்பில் இயங்காமற் போவதன் காரணம் இதுவே.

களப்பணியாளர் கவனிக்க வேண்டியவை சில உள. அட்டையின் வணிகப் பெயரைக் காட்டிலும் சில்லின் மீது பொறித்த எண்ணே முக்கியம். அதைக் குறித்துவைத்தல் நலம். அட்டை அறியப்பட்டும் அழைப்பு செல்லாவிடின், நிரலைக் குறைகூறுமுன் எஸ் கம்பித்தொடரின் முனையில் 100 ஓம் மின்தடைகள் உளவா என நோக்குக. பழைய பதிப்பைக் கொண்டு அட்டையை இயக்கும் ஆசிரியர், அதில் பாதுகாப்புத் திருத்தங்கள் இரா என்பதை உணர்ந்து, அக்கணினியை இணையத்தில் சேர்க்காதிருத்தல் வேண்டும்.

நீக்கப்பட்ட நிரலும் பழைய பதிப்புகளில் எவரும் படிக்குமாறு இருக்கிறது. மூலநிரலும் சில்லின் விவரமும் கைவசம் உள்ள சாதனத்தை, செய்தவர் கைவிட்ட பின்னரும் மாணவர் கற்றறியலாம்.